துண்டை மடியில் போட்டுக்கொண்டு பேசியது

நான் ஆட்டுத் தரகன். கோவில்பட்டியில் வீடு. சனிக்கிழமை விடிந்தால் எட்டயபுரம் ஆட்டுச்சந்தை. மற்ற நாட்களில் கழுகுமலை, கடம்பூர், எப்போதும்வென்றான் என்று எந்த ஊரில் ஆடு இருக்கிறதோ அந்த ஊர் பஸ்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. ஆட்டுக்காரர் கையைப் பிடித்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வேன். துண்டுக்குள் அவர் என் விரல்களைப் பிடிப்பார். அவர் கேட்கிற விலை அதுதான். பிறகு வாங்க வந்தவரிடம் போவேன். அவர் கையும் துண்டுக்குள் வரும். அவர் கொடுக்கிற விலை எனக்குத் தெரியும். இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் நடந்து நடந்து இரண்டையும் ஒரே விலைக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் அது எங்கள் மூன்று பேரோடு இருக்கும். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்காது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்க மாட்டேன். பஸ்ஸில் என் இறங்குமிடம் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். ஆனால் துண்டுக்குள் என் கை தயங்கியதே இல்லை. சந்தையில் என்னை நம்பித்தான் பலர் கையை நீட்டினார்கள். வாயைத் திறக்காதவன் என்ற பெயர் தரகனுக்குச் சொத்து. அதை நான் சம்பாதிக்கவில்லை, பிறவியிலேயே கிடைத்தது.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வாசிப்பு நிற்கவில்லை. பஸ் வராத நேரமெல்லாம் வாசிப்புதான். நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று எப்போதும் பைக்குள் கிடக்கும். ஆட்டு வாடை அடிக்கிறது என்று நூலகர் ஒருமுறை புத்தகத்தை முகர்ந்து பார்த்திருக்கிறார். ஆனால் எழுத்து வேறு. பேனாவைப் பிடித்தால் ஒரு வரிக்குள் கை விறைத்துவிடும். மனசு முன்னால் போகிற கிடா மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும், கை நொண்டிக் குட்டியாகப் பின்னால் வரும். இரண்டும் ஓரிடத்தில் சேர்வதற்குள் சொல்லவந்தது போய்விடும்.

எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் கரிசலில் இறங்கினால் ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பு கனத்துக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டு காலிலும் ஒவ்வொரு குட்டியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஆகிவிடுவது. அதே நிலம் சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடப்பது. கன்னி இனத்து ஆட்டின் கருத்த முகத்தில் இரண்டு பக்கமும் இறங்குகிற வெள்ளைக் கோடு. விற்ற ஆடு புதிய ஆளோடு போக மறுத்துத் திரும்பிப் பார்ப்பது, விற்றவர் திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்குள் நுழைந்துவிடுவது. இப்படி ஆயிரம் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பீரோவுக்கு மேல் துணி சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, என் போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்து, வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் மைக் படம் ஒன்று இருந்தது. அதைத் தட்டினால் சிவப்பாகும், சிவப்பாக இருக்கும்போது பேசினால் பேசுவதைத் தமிழில் எழுதிக்கொண்டே வரும் என்றாள். அவளே இரண்டு வார்த்தை பேசிக் காட்டினாள். எழுத்து ஓடி வந்தது. பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "பேசுங்கப்பா" என்றாள்.

அடுக்களையிலிருந்து என் மனைவி, "கட்டிக்கிட்ட நாள்லேருந்து நானும் அதத்தான் சொல்லுதேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. பெற்ற மகள் முன்னால், அதுவும் ஒரு பெட்டியைப் பார்த்து என்ன பேசுவது? மைக் படம் கொஞ்ச நேரம் சிவப்பாக இருந்துவிட்டுத் தானாகவே அணைந்துவிட்டது. அதற்கு அந்தக் குணம் உண்டு. பேச்சு நின்று கொஞ்ச நேரம் ஆனால் அணைந்துவிடும். மகள் ஊருக்குப் போகும்வரை நான் அதைத் தொடவில்லை.

அவள் போன பிறகு, மனைவி தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பேட்டரி செத்துப்போன லேப்டாப், அதனால் சுவரோரம் பிளக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் ஜன்னல். எதிர்வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். மெதுவாகப் பேசினேன். ஒரு எழுத்தும் விழவில்லை. என் வாய்க்கும் என் காதுக்கும் நடுவிலேயே அந்தக் குரல் தீர்ந்துபோயிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். நாலு சொல் விழுந்தது. அடுத்தது என்ன என்று யோசிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி தட்டினேன். மறுபடி யோசித்தேன். மறுபடி அணைந்தது. என் அளவுக்கு யோசிக்கிற ஆளை அது பார்த்திருக்காது.

ஒருநாள் சந்தைக்குப் போய்வந்த துண்டு தோளில் கிடந்தது. வேர்வைக்கு அதை எடுத்து மடியில் போட்டேன். வலது கை தானாகவே துண்டுக்கு அடியில் போனது. அது பழகிய இடம். விரல்கள் உள்ளே அசைந்தன, யாருடைய கையையோ தேடுவதுபோல. அன்றைக்குப் பேச்சு வந்தது. நிற்காமல் வந்தது. கழுகுமலைப் பஸ்ஸில் சினையாட்டை ஏற்றி வந்த ஒரு ஆள், குட்டி பாதி வழியில் விழுந்துவிட, அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கண்டக்டரிடம் சண்டை போட்ட கதையை முழுதாகச் சொல்லி முடித்தேன். திரையில் அது முழுதாக இருந்தது. அச்சடித்த எழுத்தில், கோடு போட்டதுபோல் நேராக. அதை ஒருதரம் வாசித்தேன். என் கையெழுத்தில் இருந்தால் எனக்கே வாசிக்கக் கூச்சமாக இருந்திருக்கும். இதை வாசிக்க ஒரு கூச்சமும் இல்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியும். ஆட்டைப் பார்க்கிற கண்தானே இதையும் பார்க்கிறது.

அன்றிலிருந்து துண்டு இல்லாமல் உட்கார்வதில்லை.

அதனோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் பழகினேன். பாதிப் பேச்சில் யோசிக்கக்கூடாது. யோசிக்க வேண்டியதை முதலிலேயே யோசித்துக்கொண்டு, பிறகு தட்ட வேண்டும். புள்ளி, பத்தியெல்லாம் பேசி முடித்தபின் நான்தான் வைக்க வேண்டும். சந்தைப் பேச்சைவிடப் புத்தகத் தமிழில் பேசினால் நன்றாக எடுக்கிறது. அதனால் நான் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினேன். ஃபேனை நிறுத்திவிட வேண்டும். தெருவில் பூண்டு விற்கிற வண்டி வந்தால் விட்டுவிட வேண்டும். முதல் தடவை அது தெரியாமல், மழையைப் பற்றிய பத்தி நடுவில் ஒலிபெருக்கிக்காரர் பூண்டு விலை, வெங்காய விலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அதையும் அது ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருந்தது. அழிக்க மனசில்லாமல் ஒருநாள் வைத்திருந்துவிட்டுப் பிறகு அழித்தேன்.

இப்படியே வெயில் காலம் வந்தது. பக்கங்கள் சேர்ந்தன. நான் பேசிப் பேசிக் குரலும் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது, திறந்துதான் வைத்திருந்தேன்.

எதிர்வீட்டு மதினி முதலில் அதை ரேடியோ என்றுதான் நினைத்திருக்கிறார். பிறகு என் குரல் என்று தெரிந்ததும் ஒரு சாயங்காலம் என் மனைவியைத் தெருவில் நிறுத்தி, நீ வேலைக்குப் போன பிறகு உன் வீட்டுக்காரர் உள்ளே யாரிடமோ மணிக்கணக்காகப் பேசுகிறார், பொம்பளையாள் விஷயமாக இருக்கப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு பேச்சு வருகிற ஆளாக இருந்தால் நான் அல்லவா முதலில் கேட்டிருப்பேன் என்று அவரிடமே சொன்னாளாம். அப்புறம் மகளுடைய லேப்டாப், மைக், எழுத்து எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். மதினிக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்ன பேசுகிறேன் என்று கேட்கத் தொடங்கினார்.

அந்த மதினிக்குக் கூடப்பிறந்த அண்ணன் எப்போதும்வென்றான் பக்கத்தில் ஆடு வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர். நான் தரகுக்கு வந்த நாளிலிருந்து என் துண்டுக்குள் கை கொடுப்பவர். சந்தையில் அவரை ஊர் பெயரால்தான் கூப்பிடுவார்கள், எப்போதும்வென்றான்காரர் என்று. அவரிடம் முன்பு ஒரு கன்னிக் கிடா இருந்தது. மாடு உயரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள். மழை தவறிய ஒரு வருஷம் அதை அவர் விற்றார். வாங்கியவர் கோவில்பட்டியில் கறிக்கடை வைத்திருக்கும் பாய். நடுவில் நான். சூரியன் கிளம்புவதற்கு முன்னால் துண்டைப் போட்டோம், வெயில் சுடும்போதுதான் எடுத்தோம். அந்தக் கிடா விற்ற கதை சந்தைக்கே தெரியும். விலை மட்டும் இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள். எப்போதும்வென்றான்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்துக்கொள்வார். அப்படிச் சிரிக்கும்போது கிடா இன்னும் அவரிடமே இருப்பதுபோல் இருக்கும்.

நான் லேப்டாப்பில் அந்தக் கதைக்கு வந்திருந்தேன். கிடாவின் நிறம், அது நடந்து வந்த விதம், பாய் அதை மூன்று தடவை சுற்றி வந்தது எல்லாம் பேசிவிட்டேன். துண்டு விழுந்த இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. மைக் அணைந்தது. மேலே எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் அன்றைக்கு மூடிவைத்துவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் மதினி நின்றிருந்ததும், கிடா கதையில் பாதி கேட்டுவிட்டு உலைக்கு அரிசி போடப் போனதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீதியை அவரே முடித்து, அண்ணன் காதிலும் போட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சந்தையில் எப்போதும்வென்றான்காரர் நாலு குட்டி கொண்டுவந்திருந்தார். பாய்க்குக் குட்டி பிடித்துவிட்டது. நான் வழக்கம்போல் துண்டை உதறி விரித்து எப்போதும்வென்றான்காரர் பக்கம் போனேன். அவர் கை வரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு வேற ஆளை வச்சுப் பேசிக்கிடுதேன் தம்பி" என்றார்.

விரித்த துண்டோடு நின்றேன்.

அவரே சொன்னார். "வீட்டுக்குள்ள உக்காந்து சந்தையில நடந்த எல்லாத்தையும் சொல்லுதியாமே. என் கிடா வெலையும் அதுக்குள்ள போயாச்சா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. அவர் வேறொரு தரகரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாய் மட்டும் என்னிடம் வந்து நின்றார். வாங்குகிற கை மட்டும் இருந்து என்ன செய்ய? துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இப்படி ஒரு சனிக்கிழமை அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. இன்னும் இரண்டு சனிக்கிழமை இப்படிப் போனால் நான் தரகன் இல்லை, சந்தையில் வேடிக்கை பார்க்க வந்தவன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டில் அன்று நானாகவே நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கேட்டுக்கொண்டு காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்காக யாரையாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவிய பயப்படுததுல என்ன தப்பு இருக்கு?" என்றாள். "கட்டுன பொண்டாட்டி, எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு வெலை சொன்னதில்ல நீங்க. அந்தப் பெட்டிகிட்ட மட்டும் வெயில் சாயுத வரைக்கும் பேசுதிய."

விலையை அதனிடமும் சொல்லவில்லை என்றேன்.

"அத எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு. அவியகிட்ட போயிச் சொல்லுங்க."

லேப்டாப்பை மறுபடி பீரோமேல் தூக்கி வைத்துவிடுவது சுலபம். அவள் அதைச் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. எனக்கு எழுத வந்திருக்கிறது. வந்ததை விட மனசில்லை. துண்டையும் விட மாட்டேன். இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரே வழி, அந்த ஆட்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவது. மகள் முன்னால் பேச வாய் வராதவன் சந்தைக்கு முன்னால் பேச வேண்டும். ஆனால் ஒன்று, இத்தனை மாதத்தில் நான் பேசிப் பழகியிருந்தேன். குரல் என்னிடம் இருந்தது. ஆள் முன்னால் அதை வெளியே எடுத்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை லேப்டாப்பை ஒரு உரச்சாக்குப் பைக்குள் வைத்து முதல் பஸ்ஸுக்கே எடுத்துப்போனேன். சந்தை கலைகிற நேரத்தில் எல்லோரும் வந்து சேர்கிற டீக்கடை ஒன்று உண்டு. கடைக்காரர் போனுக்குச் சார்ஜ் போடுகிற பிளக்கை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். என்ன படம் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். பாயிடம் விஷயத்தை முன்னமே சொல்லியிருந்தேன். அவர் எப்போதும்வென்றான்காரரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து என் எதிரில் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் பின்னால் அஞ்சாறு பேர். பெட்டியைப் பார்க்க வந்தவர்கள்.

எழுதியதைப் பாய் சத்தமாக வாசித்தார். பஸ்ஸில் பிறந்த குட்டியின் டிக்கெட் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கண்டக்டர் யார் என்று கேட்டார்கள். பிறகு கிடா கதை. துண்டு விழுந்த இடத்தில் முடிந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று பாய் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எப்போதும்வென்றான்காரர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வீட்டுலயே அழிச்சிட்டு இங்கன கொண்டாந்திருக்கலாம்லா?"

அவர் கேட்டது நியாயம். அழிக்கலாம். பூண்டு விலையை நானே அழித்திருக்கிறேன்.

"நீ பேசுதது எங்கன போயி எழுத்தா வருது?" என்று அடுத்ததைக் கேட்டார்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். "எங்கனயோ போயித்தான் வருது. நெட்டு இல்லன்னா வராது."

பின்னால் நின்றவர்களில் ஒருவர், அப்போ நம்ம சந்தைச் சமாச்சாரம் எல்லாம் மதுரை யாவாரிக்குப் போயாச்சு என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் நான் சொன்னது உண்மை என்பதால் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியாயிற்று. இனித் தெரிந்ததைச் சொல்லலாம்.

"பேசினாத்தான் போகும். பேசாதது போகாது. இங்கனயே பேசுதேன், நீங்களே பாருங்க. கையை மட்டும் கொடுங்க அண்ணாச்சி."

தோளிலிருந்து துண்டை எடுத்து மடியில் விரித்தேன். அவர் உடனே கொடுக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். பிறகு நீட்டினார். துண்டை மேலே போட்டு மூடினேன். உள்ளே அந்தக் கை, ஆட்டுக்கயிறு காய்த்த உள்ளங்கை, எனக்குத் தெரிந்த கைதான்.

இடது கையால் மைக் படத்தைத் தட்டினேன். சிவப்பானது. விட்ட இடத்திலிருந்து பேசினேன். வீட்டில் பேசுகிற அதே புத்தகத் தமிழில், அதே குரலில். துண்டு விழுந்ததைச் சொன்னேன். அதற்குள் மூன்று பேர் கை மாறி மாறிப் போய்வந்ததைச் சொன்னேன். பாய் நடுவில் ஒருமுறை கையை உதறிக்கொண்டு தூரப் போய் நின்றதை, கிடா அவர் பின்னாலேயே நடந்து போய் அவர் சட்டையை மோந்து பார்த்ததை, அதற்குப் பிறகு பாய் தானாகத் திரும்பி வந்ததைச் சொன்னேன். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆற்றுகிற சத்தம் நின்றிருந்தது. "வெயில் முதுகில் சுட ஆரம்பித்தபோது எப்போதும்வென்றான்காரர் என் விரல்களைக் கடைசியாகப் பிடித்தார். அவர் சொன்ன விலை" என்று சொன்னேன்.

அந்த இடத்தில் நிறுத்தினேன்.

பின்னால் நின்றவர்கள் குனிந்தார்கள். எத்தனை வருஷமாக ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவந்த விலை. துண்டுக்குள் என் விரல்கள் அவர் விரல்களைப் பிடித்தன. அன்று அவர் எந்த விரல்களை எப்படிப் பிடித்தாரோ அதேபோல. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அவர் கை உள்ளே அசையாமல் இருந்தது. பிறகு என் விரல்களைத் திருப்பி ஒருதரம் அழுத்தியது. ஆமாம், அதுதான் என்று அர்த்தம்.

திரையில் "அவர் சொன்ன விலை" என்ற சொற்களோடு வரி நின்றிருந்தது. சிவப்பு மைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அணைந்துவிட்டது.

எப்போதும்வென்றான்காரர் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அணைஞ்சிட்டுதே" என்றார்.

"பேசலேல்லா" என்றேன்.

அப்புறம் குனிந்து நின்றவர்களில் ஒருவர், ஏலே கடைசி வரைக்கும் கேக்க முடியலியேலே என்று தன் கூட்டாளி முதுகில் அடித்தார். பாய் டீ கிளாஸுக்குள் சிரித்தார். எப்போதும்வென்றான்காரர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது, கிடா விலையை யாராவது தப்பாகச் சொன்னால் வருகிற சிரிப்பு.

"ஆனா ஒண்ணு தப்பு" என்றார். "சட்டையை மோந்து பாக்கல. இடிச்சுது."

நீங்களே சொல்லுங்கள் என்று மைக்கைத் தட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேய்ச்சலில் தூரத்து ஆட்டைக் கூப்பிடுகிற குரலில் ஒரு வரி சொன்னார். அவருடைய பேச்சுத் தமிழைக்கூட அது என் குரலைவிட நன்றாக எடுத்தது. தான் சொன்னது எழுத்தாக வந்து நிற்பதைப் பார்த்து அவர் பாயைத் தட்டி, இதுதானா வாசி என்றார். பாய் வாசித்தார். எப்போதும்வென்றான்காரர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு அஞ்சாறு பேரும் பேச வேண்டும் என்றார்கள். ஆட்டைத் திருடிக்கொண்டு போனவன் ஆடு கத்தியதால் மாட்டிய கதை, கிணற்றில் விழுந்த செம்மறியை எடுக்க இறங்கியவன் ஏற மறந்து அங்கேயே தூங்கிய கதை. எல்லாம் அதற்குள் இருக்கிறது. யார் எது சொன்னார்கள் என்று நான் பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது எப்போதும்வென்றான்காரர் போன வாரம் விலை படியாமல் திரும்பிப்போன குட்டிகள் இரண்டு வெளியே கட்டியிருப்பதாகச் சொன்னார். பாய் எழுந்தார். துண்டு என் கையில்தான் இருந்தது. கடை வாசலில் நின்றபடியே போட்டோம். டீக் குடிக்கிற நேரத்துக்குள் முடிந்தது. என்ன விலை என்று டீக்கடைக்காரர் கண்ணால் கேட்டார். லேப்டாப்பைப் பைக்குள் வைத்தேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மதினி ஜன்னலுக்கு வந்து, எங்க அண்ணன் குரலும் அதுக்குள்ள இருக்காமே, போட்டுக் காட்டுங்க என்றார். குரல் இருக்காது, எழுத்துத்தான் இருக்கும் என்று விளக்கினேன். நானாக ஜன்னல் வழியே ஒரு அண்டைவீட்டாரிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. என் மனைவி உள்ளேயிருந்து, ரேடியோ வெளியிலயும் பாடுதே என்றாள்.

இதையும் பேசித்தான் எழுதுகிறேன். ஃபேன் நின்றிருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, துண்டு மடியில். கிடா கதையை முழுதாகச் சேர்த்துவிட்டேன். மோந்து பார்த்ததை இடித்தது என்று மாற்றிவிட்டேன். மகள் அதைப் போனில் வாசித்துவிட்டு, ஒரு வரி பாதியில் நிற்கிறதே அப்பா, அந்த இடத்தில் என்னவோ விட்டுப்போய்விட்டது, சரிசெய்யட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது விட்டுப்போனது இல்லை. அந்த வரிக்குப் பிறகு இருக்கிற வெள்ளை இடம் அப்படியே இருக்க வேண்டும். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறோம்.